கசக்காத மருந்து

தடித்த புத்தகங்களின்மேல் எனக்கு எந்நாளும் பகை இருந்ததில்லை. என் மேசைமேல் கிடப்பவை பெரும்பாலும் தலையணைப் பருமன் உள்ளவைதாம். ஆகவே, ஆய்வாளர் அம்மா, ஓர் ஆங்கில நாவலின்மேல் கொண்ட வெறுப்பினால் இதைச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வது பிழையாகும். எழுதியிருந்தால் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் குற்றாலலிங்கம். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். இளமையிலேயே சிவதீட்சை பெற்று, நாள்தோறும் வீட்டில் பூசை செய்துவருகிறேன். விடியலில் குறுக்குத்துறைக்குச் சென்று நீராடி, ஒரு செம்பு ஆற்றுநீர் மொண்டுவந்து, உள்ளங்கை அளவேயான லிங்கத்துக்குத் திருமஞ்சனம் செய்து, ஒரு பதிகம் பாடிய பின்னரே எதையும் உண்பேன். என் மனைவி கோமு, பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள். எனக்கு அத்தை மகள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உங்களிடம் புகார் கொடுத்த சித்ரலேகா, கோமுவின் அக்காள் மகள்.

கோமுவின் கண்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கே அதைப் பற்றியதுதானே. அவளுக்குக் கண் அழுத்த நோய் என்று மருத்துவர் கண்டு சொன்னபோது அவள் ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இரு வேளையும் சொட்டு மருந்து விட்டுவந்தால் இருக்கும் பார்வை ஆயுள்வரை நிலைக்கும். நிறுத்தினால் ஓரங்களிலிருந்து இருள் ஏறிவரும். ஏறிய இருள் இறங்காது. இதை அவர் எங்கள் இருவரையும் எதிரே அமர்த்தி நிதானமாக விளக்கினார். கோமுவுக்குக் கை நடுக்கம் உண்டு. அவளே விட்டுக்கொண்டால் மருந்து கன்னத்தில் வழியும். ஆகவே காலையும் மாலையும் நான் விட்டேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. சித்ரலேகாவும் இதை மறுக்கமாட்டாள்.

மணமான நாள்முதல் மாலையில் நான் பாடுவதும் அவள் கேட்பதும் எங்கள் வீட்டு வழக்கம். அவளுக்குப் பண் பிரித்தறியத் தெரியாது. ஆனால் நான் பிசகினால் அவள் புருவம் சற்றே அசையும். அந்தப் புருவத்தை நம்பித்தான் இத்தனை ஆண்டுகள் பாடினேன் என்று சொல்லலாம்.

ஓய்வு பெற்றபின் அவளுடைய தோழி ஜெசி டீச்சர் ஒரு துப்பறியும் நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெசியின் மகள் லண்டனில் செவிலியாக இருக்கிறாள், அவள் அனுப்பியது. அது ஒரு வரிசையின் முதல் புத்தகம். காவல்துறையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண்ணும், பாதிரியார் பணியைத் துறந்த ஒருவரும் சேர்ந்து கொலைகளைத் துப்பறிகிறார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பு உண்டு. அதை இருவரும் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் சொல்லிக்கொள்ளாததற்காக அன்றே ஏழு புத்தகங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தடிமன். எழுதுகிற அம்மையார் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறாராம். ஆகவே அது முடிவதற்கும் வழியில்லை. எங்கள் பதிகங்களில் ஓர் உயிர் தன் தலைவனை நாடித் தவிப்பது நான்கடியில் நிறைவு பெறும். இங்கே ஒருவர் காரை நிறுத்த இடம் தேடுவதற்கு மூன்று பக்கம்.

கோமு ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாள். மாலையில் நான் பாடும்போது எதிரே அமர்வாள், அதில் குறையில்லை. புத்தகம் மடியில் கவிழ்ந்திருக்கும். அவளுடைய விரல் பக்கத்துக்குள் நுழைந்திருக்கும். மருந்து விடுவதற்குத் தலையைச் சாய்க்கும்போதும் அந்த விரலை எடுக்கமாட்டாள்.

“விரலை எடேன் கோமு,” என்று ஒருநாள் சொன்னேன்.

“எடுத்தா பக்கம் போயிரும்லா.”

“அடையாளத்துக்கு ஒரு தாளை வச்சா என்ன?”

“தாளுக்குப் பொறுமை இருக்கும் அத்தான். நீங்க பாடி முடிக்கது வரைக்கும் அது அங்கனயே கிடக்கும். விரலுன்னா எனக்கு நியாபகம் இருந்துக்கிட்டே இருக்கும்லா,” என்று சிரித்தாள்.

புருவம் அசைவது எப்போதோ நின்றுபோயிருந்தது. வேண்டுமென்றே ஒருமுறை ஓர் அடியை விட்டுவிட்டுப் பாடிப் பார்த்தேன். “நல்லா இருந்துச்சு,” என்றாள்.

இருபது ஆண்டுகள் உழைத்து ஒரு பதிகத் தொகுதிக்கு உரை எழுதியிருந்தேன். அதன் அரங்கேற்றத்துக்குத் தச்சநல்லூரில் ஒரு சைவ அன்பர் தம் வீட்டு மாடிக் கூடத்தைக் கொடுத்தார். கூடம் நிறைய ஆட்கள். கோமு பட்டுடுத்திக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள். முன்னுரையில், இவ்வுரையை முதலில் கேட்ட செவி என் இல்லாளுடையது என்று எழுதியிருந்தேன். அவ்விடத்தை நான் வாசித்ததும் கூடம் முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் கைப்பைக்குள் வைத்தபடியே ஏழாம் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் அதற்கும் நிமிரவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னாள்: “நல்லாப் பேசினீங்க அத்தான்.”

“எந்தப் பகுதி நல்லா இருந்துச்சு?”

சற்று யோசித்தாள். “எல்லாமேதான்.” பிறகு அடக்கமாட்டாமல் என் பக்கம் திரும்பினாள். “அத்தான், அந்தப் பாதிரியார் ஊரைவிட்டே போகப்போறாராம். இவ ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கமாட்டேங்கா. மனசுல இருக்கதைச் சொல்லித் தொலைச்சா என்னவாம்?”

நான் கடைத்தெருவைப் பார்த்தபடி வந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மரபில், இறைவனால் கண்ணிழந்து, ஊர் ஊராகப் பாடிச் சென்று, ஒரு தலத்தில் ஒரு கண்ணையும் வேறொரு தலத்தில் மற்றொன்றையும் திரும்பப் பெற்ற அடியார் ஒருவர் உண்டு. அவர் பாட்டுகளில் மிக உருக்கமானவை அந்த இருளில் பிறந்தவை. பார்வை இருந்தபோது அவர் உலகத்தைப் பார்த்தார். அது பறிக்கப்பட்டபின் இறைவனைத் தவிரக் கூப்பிடுவதற்கு அவருக்கு ஆள் இல்லை. இதைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அன்று மாலைதான் அது எனக்கு ஒரு வழியாகத் தோன்றியது.

மறுநாள் பூசை முடிந்ததும், புதிய மருந்துக் குப்பியின் மூக்கை மெல்ல நெம்பி எடுத்தேன். உள்ளிருந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். லிங்கத்தின்மேல் வார்த்த திருமஞ்சன நீரை மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிக் குப்பியை நிரப்பினேன். வடிகட்டாமல் விட்டிருந்தால் தூசு உறுத்தியிருக்கும். நான் கவனமற்றவன் அல்லன். அன்றுமுதல் இருவேளையும் அதையே விட்டேன். கடைக்காரரைக் கேளுங்கள், மாதந்தோறும் மருந்தும் வாங்கினேன். நஞ்சு எதையும் அவள் கண்ணில் நான் இடவில்லை. நாங்கள் தலைமேல் தெளித்துக்கொள்ளும் நீர் அது.

பல மாதங்கள் எதுவும் நிகழவில்லை. பிறகு வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த தம்ளரைத் தட்டிவிட்டாள். வரியின் முடிவுக்குப் போனால் அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்கவில்லை என்றாள்.

“டாக்டரைப் போய்ப் பார்ப்போமா அத்தான்?”

“மருந்துதான் போடுதோம்லா. வயசுக்கு இவ்வளவுதான் கோமு.”

அவள் என்னை நம்பினாள். மருத்துவரிடம் போவதை மார்கழி முடியட்டும் என்றும், ஆனித் திருவிழா கழியட்டும் என்றும் தள்ளினேன். ஏழாம் புத்தகம் மறுபடி ஒருமுறை அவள் கையில் இருந்தது. ஒரு குழலின் வழியே பார்ப்பவள்போல முகத்தருகே பிடித்து, நாளுக்கு ஒரு பக்கமாகப் படித்தாள். அவளுடைய பிடிவாதம் எனக்கு எரிச்சலூட்டியது. அந்தக் கடைசித் துளி வெளிச்சத்தையும் அந்தப் பாதிரியாருக்கே செலவழித்தாள்.

முற்றும் இருண்டபின், அவள் பாடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பாடவில்லை. நாள் முழுதும் சன்னலருகே அமர்ந்திருந்தாள். நான் பாடும்போது கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போலிருந்தாள்.

அந்த நிலையில்தான் ஜெசி டீச்சர் எட்டாம் புத்தகத்தோடு வந்தார். அதை இரண்டு கைகளாலும் தூக்கிவந்தார் என்றே சொல்ல வேண்டும்.

கோமு அதன் அட்டையைத் தடவினாள். ஓரத்தை விரலால் அளந்தாள். “எம்மா, எவ்வளவு தடி,” என்றாள். அவள் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

“அழாதட்டி,” என்றார் ஜெசி. “போனுல போட்டா அதுவே வாசிக்கும். சித்ரலேகாட்டச் சொன்னா செஞ்சு தருவா.”

“வேண்டாம். நான் வாசிக்கேன்,” என்றேன்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வீட்டில் ஓர் அயல்நாட்டுக் குரல் நாள் முழுதும் பேசிக்கொண்டிருப்பதை நான் விரும்பவில்லை. தவிரவும் ஒரு நிபந்தனை வைத்தேன். ஓர் அத்தியாயம் வாசித்தால் ஒரு பதிகம் கேட்க வேண்டும்.

“அண்ணாச்சி, சாமி கணக்குல கொலைகாரனையும் சேத்துட்டீங்களே,” என்று ஜெசி சிரித்தார்.

நான் வாசித்த அந்த நாவலைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு முதியவர் உப்பங்கழியில் பிணமாகக் கிடக்கிறார். அவரைக் கொல்லக் காரணம் உள்ளவர்கள் ஊரில் பாதிப் பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் துப்பறிபவர்கள் போகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் கொடுக்கிறார்கள். மழை பெய்கிறது. நூறு பக்கம் போனபின் அவர் கொலை செய்யப்பட்டாரா என்பதே ஐயமாகிறது. அந்த ஊர்ப் பெயர்களில் எழுதியிருக்கும் எழுத்தில் பாதியை ஒலிக்கக் கூடாதாம். நான் முழுவதையும் ஒலித்தேன். கோமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சில பக்கங்களைத் தாண்டினேன்.

“அத்தான், என்னத்தையோ விட்டுட்டீங்க.”

“இல்லையே.”

“இப்பம்தான மழையில நனைஞ்சு வந்தா? அதுக்குள்ள எப்படி வெயில் அடிக்கு? திருப்புங்க, திருப்புங்க. தமிழ் வாத்தியாரு ஒரு எழுத்தை விடலாமா?”

திருப்பினேன். அந்த மழை மேலும் ஐந்து பக்கம் பெய்தது.

ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். நான் வாசிக்கும்போது அவள் முகம் முழுவதும் என் பக்கம் திரும்பியிருந்தது. நான் மூச்சு வாங்கினால் அவளும் மூச்சை நிறுத்தினாள். பெயரொன்றைத் தவறாகச் சொன்னால் அவள் புருவம் அசைந்தது. ஆண்டுக்கணக்கில் காணாத அசைவு அது. மாலை எப்போது வரும் என்று நான் பகலெல்லாம் எதிர்பார்க்கத் தொடங்கினேன். குரலை மாற்றி மாற்றி வாசித்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு குரல், பாதிரியாருக்கு ஒரு குரல். சில நாள் இரண்டு அத்தியாயம் வாசித்ததில் தொண்டை கட்டிக்கொள்ளும். அன்றைக்குப் பதிகத்தை மறுநாளுக்கு வைத்துக்கொண்டோம். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இடையில் சித்ரலேகா சென்னையிலிருந்து வந்தாள். சித்தியின் நிலையைக் கண்டு அதிர்ந்து, என்னைக் கேளாமலே அவளைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். அன்று பிரதோஷம், நான் உடன்போகவில்லை. மாலையில் திரும்பி வந்தார்கள். பார்வை நரம்பு பட்டுப்போய்விட்டதாகவும், மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று மருத்துவருக்கே விளங்கவில்லை என்றும் சித்ரலேகா சொன்னாள். கோமு புத்தகத்தைத் தடவி எடுத்து என் மடியில் வைத்தாள். “விட்ட இடத்துலருந்து வாசிங்க அத்தான்,” என்றாள்.

சித்ரலேகா ஊருக்குப் போய்விட்டாள். நாங்கள் தொடர்ந்தோம். இருவேளையும் நான் குப்பியை எடுத்துவரும்போது கோமு தலையைச் சாய்த்துக் கண்களைத் திறந்துகொடுத்தாள். அந்நாட்களில் அவளுடைய அமைதியை நான் பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசி அத்தியாயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடித்தேன். கொலை செய்தவர் ஊர் நூலகர். பாதிரியாரும் அந்தப் பெண்ணும் ரயில் நிலையத்தில் நிற்கிறார்கள், வண்டி வருகிறது, இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. புத்தகத்தை மூடினேன். உண்மையில் எனக்குத் தாங்கவில்லை.

“நூலகர்னு நான் நினைக்கவேயில்லை கோமு,” என்றேன்.

“எனக்கு அவன் கையுறையைக் கழட்டாம டீ குடிச்சப்பவே தெரியும்.” என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அத்தான், என் கண்ணுல என்னத்தை விடுதீங்க?”

“மருந்து.”

“மருந்து கசக்கும். கண்ணுல விட்டா தொண்டையில வந்து கசக்கும். எனக்கு அது மறந்தே போச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் பிள்ளை ஒரு சொட்டு விட்டா. அதே மருந்துதான்னா. கசந்துச்சு.”

நான் பூசை செய்பவன். நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்வதில்லை. “திருமஞ்சனத் தண்ணி,” என்றேன்.

“எப்பம்லருந்து?”

“அரங்கேற்றத்துக்கு மறுநாள்லருந்து.”

அவள் கத்தவில்லை. முந்தானையால் கண்களை நிதானமாகத் துடைத்தாள். எனக்குத்தான் ஒன்று விளங்கவில்லை; கேட்டேன். “ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கே ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா கதை பாதியில நின்னுருக்கும்லா. போன கண்ணு போயிட்டு. இதுவாவது முழுசாக் கிடைக்கட்டும்னுதான்.” கையை நீட்டினாள். “சித்ரலேகாவுக்குப் போன் போட்டுத் தாங்க. எனக்கு எண் தெரியாது.”

போட்டுக் கொடுத்தேன். அவள் பேசி முடிக்கும்வரை அருகிலேயே நின்றேன். பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும்.

திரும்பாத பார்வை என்று தெரிந்தே செய்தீரா என்று கேட்கிறீர்கள். தெரிந்தே செய்தேன். மருத்துவர் விளக்கியபோது அவளைவிட நான்தான் கூர்ந்து கேட்டேன். அவள் கண் போக வேண்டும் என்றே மருந்தை ஊற்றிவிட்டு நீரை நிரப்பினேன். அவளை இறைவன் பக்கம் திருப்புவதற்காகச் செய்தேன். வேறு நோக்கம் எனக்கு இல்லை. இதில் கையொப்பமிட ஆயத்தமாக இருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. ஒன்பதாம் புத்தகம் ஐப்பசியில் வருகிறதாம். இப்போது கோமு சித்ரலேகாவோடு இருக்கிறாள். அந்தப் பெண் கைபேசியில் போட்டுக் கேட்கவைப்பாள். அந்தக் கருவிக்கு, கோமு ‘அட’ என்றால் நிறுத்தத் தெரியாது. அவள் எங்கே சிரிப்பாள், எங்கே தண்ணீர் கேட்பாள் என்பது தெரியாது. பாதிரியாரின் குரலும் அதற்கு வராது. சிறையிலாயினும் பார்வையாளர் நேரம் என்று ஒன்று இருக்குமல்லவா? அவளை யாராவது அழைத்துவந்தால் நான் வாசிக்கிறேன். நீங்களே அவளிடம் சொல்லுங்கள். பதிகம் வேண்டாம் என்றால், அதை நான் அடியோடு விட்டுவிடுகிறேன்.